ஈராசிரியர் பள்ளியும் திரையும்

(ஆலங்காயத்தில் ஆற்றிய சொற்பொழிவின் எழுத்து வடிவம்)

புதிய கருவி ஒன்று வகுப்பறைக்குள் வரும்போது முதலில் மாறுவது ஆசிரியரின் நேரம். அதுவரை அவர் கையால் செய்துவந்த ஏதோ ஒரு வேலையைக் கருவி எடுத்துக்கொள்கிறது. கூடவே, அதுவரை இல்லாத வேலை ஒன்றையும் அவர் தலையில் ஏற்றுகிறது. அச்சுப் பாடநூல் வந்தபோது பாடத்தை வாயால் சொல்லி எழுதவைக்கும் நேரம் மிச்சமானது. கரும்பலகை வந்தபோது ஒரே கணக்கை நாற்பது பிள்ளைகளுக்கும் ஒருசேரக் காட்ட முடிந்தது. இன்று திரை, கைக்கணினி, செயலி, செயற்கை நுண்ணறிவு என்று வரிசையாக வந்துகொண்டிருக்கும் கருவிகளையும் இதே கணக்கில் வைத்துப் பார்ப்பதுதான் சரி. ஆசிரியருக்கு எவ்வளவு நேரம் மிச்சமாகிறது, அந்த நேரம் எந்தப் பிள்ளையிடம் போய்ச் சேர்கிறது என்பதே கேட்க வேண்டிய கேள்வி.

ஆலங்காயம் வட்டாரத்தில் இந்தக் கேள்விக்குக் கூடுதல் கனம் உண்டு. 2019 நவம்பரில் வேலூரிலிருந்து பிரிந்த திருப்பத்தூர் மாவட்டத்தில், ஜவ்வாது மலையின் அடிவாரத்தில் இருக்கிறது இந்த ஊர். இங்கிருந்து காவலூர் வழியாக மேலேறினால் மலையாளி பழங்குடி மக்களின் ஊர்கள். பிள்ளைகளின் எண்ணிக்கை குறைவு. அதனால் ஆசிரியர்களின் எண்ணிக்கையும் குறைவு. 2009-ஆம் ஆண்டின் கல்வி உரிமைச் சட்டப்படி, 60 பிள்ளைகள் வரை உள்ள தொடக்கப் பள்ளிக்கு இரண்டு ஆசிரியர்கள். வகுப்புகளோ ஐந்து. ஒரு நாளில் ஐந்து மணி நேரம் பாடம் நடக்கிறது என்று வைத்துக்கொண்டால், இரண்டு ஆசிரியர்களிடமும் சேர்த்துப் பத்து மணி நேரம் இருக்கிறது. ஐந்து வகுப்புகளுக்குப் பிரித்தால் ஒரு வகுப்புக்கு இரண்டு மணி நேரம். ஓர் ஆசிரியர் பயிற்சிக்கோ விடுப்பிலோ போன நாளில் அதுவும் ஒரு மணி நேரமாகச் சுருங்கிவிடும். மீதி நேரமெல்லாம் பிள்ளைகள் ‘எழுதிக்கிட்டு இருங்க’ என்ற கட்டளையின் கீழ் உட்கார்ந்திருக்கிறார்கள். ஈராசிரியர் பள்ளியில் தொழில்நுட்பம் கைவைக்க வேண்டிய இடம் இந்த மீதி நேரம்தான்.

இதற்குத் தமிழ்நாடு கண்ட முதல் பெரிய விடையில் மின்சாரமே கிடையாது. ஆந்திரத்தில் மதனப்பள்ளிக்கு அருகிலுள்ள ரிஷி வேலியின் கிராமப் பள்ளிகளில், ஒரே ஆசிரியர் பல வகுப்புகளை நடத்துவதற்காக அட்டைகளால் ஆன ஒரு முறை உருவானது. அதைப் பார்த்து 2003-இல் சென்னை மாநகராட்சிப் பள்ளிகள் சிலவற்றில் செயல்வழிக் கற்றல் தொடங்கியது. மாநகராட்சி ஆணையராக இருந்த எம்.பி. விஜயகுமார் இதற்கு முன்னின்றார். பிறகு அனைவருக்கும் கல்வி இயக்கத்தின் வழியாக 2007 வாக்கில் மாநிலம் முழுவதும் அரசுத் தொடக்கப் பள்ளிகளுக்கு இது பரவியது. பாடம் சிறு சிறு படிகளாக உடைக்கப்பட்டு ஒவ்வொரு படிக்கும் ஓர் அட்டை தயாரானது. சுவரில் தொங்கும் ஏணிப்படியில் தான் எங்கே நிற்கிறோம் என்று பிள்ளையே பார்த்து, அட்டையின் மூலையில் உள்ள படச் சின்னத்தை வைத்துத் தனக்குரியதை எடுத்துக்கொள்ளும். சில அட்டைகளுக்கு ஆசிரியர் உடனிருக்க வேண்டும். சிலவற்றை இன்னொரு பிள்ளையோடு சேர்ந்து செய்யலாம். சிலவற்றைத் தனியாகவே முடித்துவிடலாம். பிள்ளைகளின் கைக்கெட்டும் உயரத்தில் கரும்பலகை இறங்கியது. ஆசிரியர் நாற்காலியை விட்டுப் பாயில் உட்கார்ந்தார்.

இந்த முறையைத் தொழில்நுட்பம் என்று யாரும் அழைக்கவில்லை. ஆனால் கணினி நிறுவனங்கள் பல ஆண்டுகளுக்குப் பிறகு ‘அவரவர் வேகத்தில் கற்றல்’ என்று விற்கத் தொடங்கிய எண்ணம் முழுவதும் அந்த அட்டைகளில் இருந்தது. அதன் குறையும் பின்னால் வந்தவற்றுக்கு முன்னறிவிப்பாக அமைந்தது. அட்டைகள் பெருகின, எந்தப் பிள்ளை எந்தப் படியில் என்று குறிக்கும் அட்டவணைகளும் பெருகின. அட்டைகள் கிழிந்தபோது புதியவை வர நாளானது. பதிவு வேலை கற்பித்தலின் நேரத்தைத் தின்னத் தொடங்கிய இடங்களில் முறை சடங்காகிப்போனது.

திரைகளின் வரலாறு வேறு திசையிலிருந்து வந்தது. 1975 ஆகஸ்ட் முதல் 1976 ஜூலை வரை, அமெரிக்கச் செயற்கைக்கோள் ஒன்றின் உதவியோடு ஆறு மாநிலங்களில் ஏறத்தாழ 2,400 கிராமங்களுக்குத் தொலைக்காட்சிப் பாடம் போனது. அந்த ஆறில் தமிழ்நாடு இல்லை. 2004 செப்டம்பரில் கல்விக்கென்றே எடுசாட் செயற்கைக்கோளை இஸ்ரோ ஏவியது. தமிழ்நாட்டுக்கென்று 2019 ஆகஸ்ட் 26 அன்று கல்வித் தொலைக்காட்சி தொடங்கியது. இடையில் 2011 செப்டம்பரில் பன்னிரண்டாம் வகுப்பு மாணவர்களுக்கு விலையில்லா மடிக்கணினி கொடுக்கும் திட்டம் வந்தது. மலையூர்க் குடும்பங்கள் பலவற்றில் வீட்டுக்குள் நுழைந்த முதல் கணினி அதுதான். அந்த வகையில் அது பெரிய காரியம். ஆனால் பள்ளியை விட்டு வெளியேறும் வாசலில் கொடுக்கப்பட்ட கருவி, கல்லூரிப் படிப்புக்கு உதவியதே தவிர வகுப்பறையைத் தொடவில்லை.

வகுப்பறையைத் தொட்ட மாற்றம் 2018-இல் வந்த புதிய பாடநூல்களோடு தொடங்கியது. பாடத்துக்குப் பாடம் க்யூஆர் குறியீடு அச்சானது. கைப்பேசியில் ஸ்கேன் செய்தால் திக்‌ஷா தளத்திலிருந்து காணொளி வரும். அடுத்தடுத்து உயர்நிலை, மேல்நிலைப் பள்ளிகளுக்கு உயர் தொழில்நுட்ப ஆய்வகங்களும், நடுநிலைப் பள்ளிகளுக்குக் கணினி ஆய்வகங்களும், தொடக்கப் பள்ளிகளுக்குத் திறன்மிகு வகுப்பறைகளும் வந்தன. தொடக்க, நடுநிலைப் பள்ளி ஆசிரியர்களுக்குக் கைக்கணினி கொடுக்கும் திட்டமும் வந்தது. 2023 ஜூலையில் பாடக் காணொளிகளுக்கான மணற்கேணி செயலி வெளியானது.

குறியீட்டை ஸ்கேன் செய்வதற்குச் சிக்னல் வேண்டும். மலையில் சிக்னல் பாறைக்குப் பாறை மாறும். அதனால் பல ஆசிரியர்கள் கீழே இருக்கும்போதே காணொளிகளைப் பதிவிறக்கிப் பென் டிரைவில் ஏற்றிக்கொண்டு மேலே போகிறார்கள். எந்தத் திட்ட அறிக்கையிலும் இடம்பெறாத வேலை இது; ஆனாலும் மலைப் பள்ளியின் திறன்மிகு வகுப்பறை ஓடுவதே இந்த வேலையால்தான்.

திரை என்ன தருகிறது, எதைத் தராது என்பதை ஒரு பாடத்தை அருகில் வைத்துப் பார்க்கலாம். நிலவின் வளர்பிறை, தேய்பிறை. கரும்பலகையில் வட்டங்கள் வரைந்து, ஒளி விழும் பக்கத்தைத் தீட்டி, அம்புக்குறி போட்டு விளக்கக் கால் மணி நேரம் ஆகும். அப்போதும் பாதிப் பிள்ளைகளுக்குப் படம் தட்டையாகவே மனதில் நிற்கும். அசையும் படத்தில் நிலவு பூமியைச் சுற்றுவதை ஒரே நிமிடத்தில் பார்த்துவிடலாம். இங்கே மிச்சமான பதினான்கு நிமிடங்கள் உண்மையான லாபம். ஆனால் அந்தப் படத்தில் பூமிக்கும் நிலவுக்கும் உள்ள தூரம் திரையில் அடங்குவதற்காகச் சுருக்கப்பட்டிருக்கும். உண்மையில் இடையில் முப்பது பூமிகளை வரிசையாக அடுக்கலாம். சுருக்கிய படத்தைப் பார்த்த பிள்ளையிடம் ‘பிறை ஏன் தெரியுது?’ என்று கேட்டால், ‘பூமியோட நிழல் நிலா மேல விழுது’ என்ற பதில் வரும். உலகெங்கும் பிள்ளைகளிடமும் பெரியவர்களிடமும் காணப்படும் தவறு இது. நிழல் விழுவது கிரகணத்தில் மட்டுமே. பிறை தெரிவது, நிலவின் வெளிச்சமான பாதியில் நம் கண்ணுக்குப் படும் பங்கு நாளுக்கு நாள் மாறுவதால்.

காணொளி இந்தத் தவறைத் திருத்தாது. சில நேரங்களில் அதை உறுதிப்படுத்தியே விடும். திருத்துவதற்கு ஆசிரியர் அந்தக் கேள்வியைக் கேட்டிருக்க வேண்டும், பதிலைக் காது கொடுத்துக் கேட்டிருக்க வேண்டும், பிறகு ஒரு டார்ச் விளக்கையும் பந்தையும் எடுத்திருக்க வேண்டும். மிச்சமான பதினான்கு நிமிடங்கள் இதற்குப் போனால் திரை தன் வேலையைச் செய்துவிட்டது. அடுத்த காணொளிக்குப் போனால் எதுவும் நடக்கவில்லை.

ஜவ்வாது மலைப் பிள்ளைகளுக்கு இந்தப் பாடத்தில் வேறெங்கும் கிடைக்காத வசதி ஒன்றும் உண்டு. வானம் இருட்டாக இருப்பதால்தான் 1960-களின் இறுதியில் காவலூரில் வானாய்வகம் அமைந்தது. வானியலாளர் வைணு பாப்புவின் பெயர் தாங்கிய 2.34 மீட்டர் தொலைநோக்கி 1986 முதல் அங்கே இயங்குகிறது. 1988-இல் அங்கிருந்து ஆர். ராஜமோகன் கண்டறிந்த சிறுகோளுக்கு ராமானுஜனின் பெயர் சூட்டப்பட்டது. இத்தனை அருகில் இது இருக்கும்போது, இவ்வட்டாரப் பள்ளிகள் வானியலைக் காணொளியோடு முடித்துக்கொள்வது வருத்தமான விஷயம்.

பெருந்தொற்றுக் காலம் தொழில்நுட்பத்துக்கு வைக்கப்பட்ட மிகப் பெரிய சோதனை. 2020 மார்ச்சில் பள்ளிகள் மூடப்பட்டன. கல்வித் தொலைக்காட்சியில் பாடம் ஒளிபரப்பானது. தனியார் பள்ளிகள் கைப்பேசி வகுப்பு நடத்தின. விளைவைத் தமிழ்நாட்டின் கிராமங்களிலேயே அளந்து பார்த்த ஆய்வு ஒன்று இருக்கிறது. அபிஜித் சிங், மொரீசியோ ரொமேரோ, கார்த்திக் முரளிதரன் மூவரும் ஏறத்தாழ 19,000 சிறுபிள்ளைகளை வைத்துச் செய்த அந்த ஆய்வு, 2021 டிசம்பரில் கணிதத்திலும் தமிழிலும் பெரும் பின்னடைவைக் கண்டது. தமிழைவிடக் கணிதத்தில் இழப்பு அதிகம். பள்ளி திறந்த ஆறு மாதங்களில் இழந்ததில் மூன்றில் இரண்டு பங்கு மீண்டது என்பதையும் அதே ஆய்வு கண்டது. அந்த மீட்சியில் ஏறத்தாழ கால் பங்குக்குக் காரணம் இல்லம் தேடிக் கல்வி. 2021 அக்டோபர் 27 அன்று தொடங்கிய அத்திட்டத்தில், அந்தந்தத் தெருவைச் சேர்ந்த பெண் ஒருவர் தன்னார்வலராக மாலை வேளையில் பிள்ளைகளைத் திண்ணையிலோ கோயில் வாசலிலோ உட்காரவைத்துச் சொல்லிக்கொடுத்தார். மாத ஊக்கத்தொகை 1,000 ரூபாய். செயற்கைக்கோளும் செயலியும் எட்டாத பிள்ளையை எட்டியது அந்த மாலை வகுப்பு.

இதைக் கருவிக்கு எதிரான சான்றாக எடுத்துக்கொள்ளக் கூடாது. இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர்களின் கைப்பேசிகளிலேயே 2022 ஜூன் 1 முதல் 12 வரை வாசிப்பு மாரத்தான் நடந்தது. கூகுள் நிறுவனத்தின் செயலி ஒன்றில் பிள்ளைகள் சத்தமாகக் கதை வாசிக்க, செயலி கேட்டுத் திருத்தியது. பன்னிரண்டு நாட்களில் வாசித்த சொற்கள் 260 கோடிக்கும் மேல் என்று கணக்கு வந்தது. வாய் திறந்து வாசிக்கக் கூச்சப்படும் பிள்ளைக்கு, சலிக்காமல் கேட்கும் ஒரு செவி கிடைத்தது நல்லது. ஆயினும் அது எண்ணியது சொற்களை. கதை விளங்கியதா என்று கேட்கும் வேலை தன்னார்வலருக்கே மிஞ்சியது.

கணினி வழிக் கற்றல் பலன் தருமா என்பதற்கு இந்தியாவிலிருந்தே தெளிவான விடைகள் கிடைக்கின்றன. வதோதராவில் நான்காம் வகுப்புப் பிள்ளைகள் வாரம் இரண்டு மணி நேரம், ஒரு கணினிக்கு இருவராக அமர்ந்து கணித விளையாட்டுகள் ஆடினர். கணிதம் நன்றாக முன்னேறியது. பலன் பின்னர் பெருமளவு தேய்ந்துபோனது என்பதையும் ஆய்வாளர்கள் பதிவு செய்தனர். குஜராத்தில் இன்னொரு சோதனையில், பள்ளி நேரத்துக்குள்ளேயே ஆசிரியரின் வகுப்புக்குப் பதிலாகக் கணினி வைக்கப்பட்டபோது பிள்ளைகள் முன்னைவிடக் குறைவாகவே கற்றனர். அதே மென்பொருளைப் பள்ளி விட்ட பிறகு கூடுதலாகக் கொடுத்தபோது அதிகம் கற்றனர். டெல்லியில் மைண்ட்ஸ்பார்க் என்ற கற்றல் மென்பொருளின் மையங்களில் நடந்த ஆய்வு 2019-இல் வெளியானது. அங்கே ஒன்பதாம் வகுப்பு மாணவர்கள் கணிதத்தில் சராசரியாக நான்கரை வகுப்பு பின்தங்கியிருந்தனர். பாதி நேரம் மென்பொருள், பாதி நேரம் சிறு குழுவாக ஓர் உதவியாளரோடு என்று நாலரை மாதம் நடந்ததில் கணிதம், இந்தி இரண்டிலும் கணிசமான முன்னேற்றம். மாறாக, பெரு நாட்டில் பிள்ளைக்கு ஒரு மடிக்கணினி என்று கொடுத்துவிட்டுப் பார்த்தபோது, கணிதத்திலும் மொழியிலும் மாற்றமே தெரியவில்லை என்று 2012-இல் வெளியான ஆய்வு கூறியது.

டெல்லி மென்பொருள் எதைச் செய்தது என்பது முக்கியம். ஒன்பதாம் வகுப்பில் உட்கார்ந்திருக்கும் பிள்ளைக்கு ஐந்தாம் வகுப்புக் கணக்கு தெரியவில்லை என்றால், அது அங்கிருந்தே தொடங்கியது. பாடத்திட்டத்தை முடிக்க வேண்டிய ஆசிரியரால் நாற்பது பேருக்கும் அவரவர் நிலையிலிருந்து தொடங்க முடியாது. இந்த ஓர் இடத்தில் இயந்திரம் மனிதரை விஞ்சுகிறது. ஆனால் பின்னக் கணக்கில் அரையையும் மூன்றில் ஒன்றையும் கூட்டி ஐந்தில் இரண்டு என்று எழுதும் பிள்ளையை எடுத்துக்கொண்டால், சாதாரண மென்பொருள் ‘தவறு’ என்று சிவப்பில் காட்டிவிட்டு அடுத்த கணக்குக்குப் போகும். நல்ல மென்பொருள், மேலே உள்ளதை மேலோடும் கீழே உள்ளதைக் கீழோடும் கூட்டியிருக்கிறது என்று கண்டுபிடித்து எளிய படிக்கு இறக்கும். ஆசிரியரோ ‘அரை தோசை ஏற்கெனவே தட்டுல இருக்கு, இன்னும் கொஞ்சம் வச்சா அரையைவிடக் கம்மியாகுமா?’ என்று கேட்பார். பிள்ளை தன் விடையைத் தானே சந்தேகிக்கத் தொடங்கும் அந்தக் கணத்தை எந்தத் திரையும் இதுவரை இவ்வளவு மலிவாக உண்டாக்கியதில்லை.

2022 ஜூனில் ஒன்று முதல் மூன்றாம் வகுப்பு வரை தொடங்கிய எண்ணும் எழுத்தும் திட்டமும் இந்த எண்ணத்தின் மேல்தான் நிற்கிறது. வயதுக்குப் பதில் கற்றல் நிலையை வைத்துப் பிள்ளைகளை அரும்பு, மொட்டு, மலர் என்று பிரித்தார்கள். தேவை எவ்வளவு என்பதைக் கிராமப்புறப் பிள்ளைகளின் வாசிப்பையும் கணக்கையும் அளக்கும் அசர் ஆய்வு காட்டியது: தமிழ்நாட்டில் இரண்டாம் வகுப்புப் பாடத்தை வாசிக்கத் தெரிந்த மூன்றாம் வகுப்புப் பிள்ளைகள் 2018-இல் 10.2 விழுக்காடு, 2022-இல் 4.8. பிரிவு முறை நல்லது. ஆனால் யார் எந்த நிலையில் என்ற மதிப்பீடு செயலியில் ஏற வேண்டும். பள்ளிக் கல்வித் துறையின் எமிஸ் என்ற தகவல் தளத்தில் வருகைப்பதிவும் நலத்திட்ட விவரங்களும் ஏற வேண்டும். ஆசிரியர் சங்கங்கள் பல ஆண்டுகளாக முறையிட்டுவருவது இந்தப் பதிவேற்ற வேலையைப் பற்றித்தான். நகரத்தில் பத்து நிமிட வேலை, சிக்னல் சுற்றிக்கொண்டே நிற்கும் மலையில் அரை மணி நேரம். ஈராசிரியர் பள்ளியில் அந்த அரை மணி நேரம் ஏதோ ஒரு வகுப்பின் இரண்டு மணி நேரத்திலிருந்துதான் கழியும். கற்பித்தலுக்காகக் கொண்டுவந்த கருவி கண்காணிப்புக் கருவியாக மாறும்போது இழப்பவர் பிள்ளை. இதை மென்மையாகச் சொல்ல வழியில்லை.

2022 நவம்பரில் சாட்ஜிபிடி வெளியானதற்குப் பிறகு வந்த அலை, இந்தக் கணக்கை இரண்டு பக்கமும் மாற்றுகிறது. வினாத்தாள் தயாரிப்பு, ஒரே பாடத்துக்கு மூன்று நிலைகளில் பயிற்சித்தாள், பாடக்குறிப்பு ஆகியவற்றைச் செயற்கை நுண்ணறிவு சில நிமிடங்களில் வரைந்து தருகிறது. சரிபார்த்துத் திருத்தும் ஆசிரியருக்கு இது உண்மையான ஓய்வு. மாணவர் பக்கம் நிலைமை வேறு. ‘எங்கள் ஊர்ச் சந்தை’ என்று கட்டுரை எழுதச் சொன்னால், சந்தைக்குப் போய்ப் பார்க்காமலே பிழையற்ற இரண்டு பக்கங்கள் வந்துவிடும். அதில் புளி விற்பவர் இருக்க மாட்டார். சாமை மூட்டை இருக்காது. எழுதுவதால் உண்டாகும் சிந்தனை அந்தப் பிள்ளைக்குக் கிடைக்காமல் போகும். யுனெஸ்கோ 2023 செப்டம்பரில் வெளியிட்ட வழிகாட்டி, வகுப்பறையில் இக்கருவிகளைப் பயன்படுத்த 13 வயதாவது நிரம்பியிருக்க வேண்டும் என்று பரிந்துரைத்தது. குரல் கேட்டுத் திருத்தும் மென்பொருள்களில் இன்னொரு சிக்கலும் உண்டு. அவை பெரும்பாலும் நகரத்துத் தமிழ்க் குரல்களில் பழகியவை. மலை வழக்கில் சரியாகவே வாசிக்கும் பிள்ளையைத் தவறென்று குறித்துவிட்டால், பேச்சின் மேலேயே அந்தப் பிள்ளைக்கு நம்பிக்கை போய்விடும்.

2022 நவம்பரில் தொடங்கிய வானவில் மன்றம் வேறு வழியைக் காட்டியது. அறிவியல் சோதனைப் பொருட்களோடு ஒரு கருத்தாளர் பள்ளி பள்ளியாகப் போய், 6 முதல் 8-ஆம் வகுப்புப் பிள்ளைகளின் கையிலேயே சோதனையைக் கொடுக்கிறார். பொருளோடு ஓர் ஆளும் வருவதுதான் அதன் பலம்.

ஆய்வுகள் சொல்வதை மலைக்குப் பொருத்திப் பார்த்தால், கவனிக்க வேண்டிய இடம் ஒன்று கண்முன்னே இருக்கிறது. கணினி வழிக் கற்றல் மிகுந்த பலன் தந்தது பள்ளி முடிந்த பிறகு, கூடுதலாக, ஒரு பெரியவரின் துணையோடு. பள்ளி விட்டதும் பிள்ளைகள் வீட்டுக்குப் போய்விடும் ஊர்களில் இதற்குத் தனி மையம் திறக்க வேண்டும். ஜவ்வாது மலையில் அரசு பழங்குடியினர் உண்டு உறைவிடப் பள்ளிகள் இருக்கின்றன. பெற்றோர் வெளியூருக்கு வேலைக்குப் போகும் குடும்பங்களின் பிள்ளைகள் அங்கேயே தங்கிப் படிக்கிறார்கள். மாலை ஐந்து மணி முதல் இரவுச் சாப்பாடு வரையிலான நேரம் முழுவதும் வளாகத்துக்குள்ளேயே கிடைக்கிறது. ஆசிரியரின் வகுப்பிலிருந்து ஒரு நிமிடமும் எடுக்காமல், அவரவர் நிலையிலிருந்து தொடங்கும் கணிதத்தையும் வாசிப்பையும் அந்த நேரத்தில் வைக்கலாம். அதற்கு ஆய்வகத்தின் சாவி நான்கரை மணிக்கு அலமாரிக்குள் போய்விடக் கூடாது. இணையம் இல்லாமலும் ஓடும்படி பாடங்கள் அந்தந்தப் பள்ளியின் கணினியிலேயே இருக்க வேண்டும். மின்வெட்டைத் தாங்கும் பேட்டரி வேண்டும். இல்லம் தேடிக் கல்வியில் செய்தது போல, பன்னிரண்டாம் வகுப்போ பட்டமோ முடித்த மலையூர்ப் பெண் ஒருவரை ஊக்கத்தொகை கொடுத்து உடன் அமர்த்த வேண்டும். இடி இறங்கி ரவுட்டர் எரிந்துபோனால், புகார் எண் வாங்கிக்கொண்டு மாதக்கணக்கில் காத்திராமல், ஆலங்காயத்திலிருந்தே ஏறிவந்து பழுது பார்க்கும் ஒருவரும் வேண்டும்.